தேன்கனிக்கோட்டை அருகே ஒரு குதிரைப் பண்ணை: நடுத்தரக் குடும்பத்திற்குக் கட்டுப்படியாகுமா?

தேன்கனிக்கோட்டைக்கும் தளிக்கும் இடையே, தார்ச்சாலையிலிருந்து பிரியும் ஒரு மண்பாதையின் கடைசியில், மாந்தோப்பும் கேழ்வரகுக் கொல்லையும் சூழ்ந்த ஒரு சிறு குதிரைப் பண்ணையில் நாங்கள் குடும்பத்தோடு தங்கி வந்தோம். ஆறு குதிரைகளும், விருந்தினர் தங்க இரண்டு ஓட்டு வீடுகளும் மட்டுமே அங்கு உள்ளன. தங்களால் கவனித்துக்கொள்ள முடிந்த அளவுக்கு மேல் ஆட்கள் வந்தால் சமாளிக்க இயலாது என்று பண்ணைக்காரர் கேட்டுக்கொண்டதால், பெயரை இங்கே எழுதவில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இதுபோன்ற பண்ணை வீடுகள் வேறு சிலவும் இருப்பதால், எங்கு விசாரித்தாலும் உதவும்படி, நாங்கள் என்ன கொடுத்தோம், என்ன கிடைத்தது, எவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பவற்றை விரிவாக எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செலவைக் கணக்குப் பார்க்கும் குடும்பத்திற்கு இந்தப் பண்ணை மிகவும் ஏற்றது. சில குறைகள் உண்டு, அவற்றுள் ஒன்று சாதாரணக் குறையன்று. ஆனால் கட்டணம் குறைவு என்ற ஒரே காரணத்திற்காக நான் இதைப் பரிந்துரைக்கவில்லை. குதிரைச் சவாரியில் கட்டணம் குறைந்தால், அந்தக் குறைவு எதிலிருந்து வருகிறது என்று கேட்க வேண்டியிருக்கிறது. குதிரை சவாரிக்குப் போகாத நாளிலும் தின்னும். முந்நூறு முந்நூற்றைம்பது கிலோ எடையுள்ள ஒரு குதிரைக்கு உலர்தீவனக் கணக்கில் மட்டும் நாளொன்றுக்கு ஐந்தாறு கிலோ வேண்டும். இருபது முதல் நாற்பது லிட்டர் வரை தண்ணீர் குடிக்கும். ஆறு அல்லது எட்டு வாரங்களுக்கு ஒருமுறை குளம்பைச் செதுக்கி லாடம் மாற்ற வேண்டும். இந்தச் செலவுகளையெல்லாம் தாங்கிக்கொண்டு மிகக் குறைந்த விலையில் சவாரி தருகிறார்கள் என்றால், ஒன்று வேறு ஏதேனும் ஒரு வசதியைக் குறைத்திருக்க வேண்டும், இல்லையேல் அந்தக் குதிரையின் தீனியிலும் ஓய்விலும் கைவைத்திருக்க வேண்டும். இந்தப் பண்ணையில் குறைக்கப்பட்டிருப்பவை குளிர்சாதனம், நீச்சல்குளம், பலவகை உணவு, சீருடைப் பணியாளர்கள் ஆகியவை. குதிரைகளின் பங்கில் யாரும் கைவைக்கவில்லை. எனக்கு அதுவே பெரிதாகத் தெரிந்தது.

குதிரைக்கும் இந்தப் பகுதிக்கும் உள்ள உறவு பழையது. ஓசூரை ஒட்டிய மத்திகிரியில் இன்று மாவட்டக் கால்நடைப் பண்ணையாக இயங்கும் பெரும்பண்ணை, கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில், 1824-ஆம் ஆண்டில், படைக்கு வேண்டிய குதிரைகளை வளர்ப்பதற்காகத் தொடங்கப்பட்டது. அதன் பரப்பு 1,600 ஏக்கருக்கும் அதிகம். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பகுதி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால், கீழே தருமபுரியில் வெயில் கொளுத்தும் நாள்களிலும் இங்கே காலையும் மாலையும் குளுமையாக இருக்கும். தளியைக் குட்டி இங்கிலாந்து என்று அழைப்பதும் இந்தக் குளுமையால்தான். குதிரைக்கு வேகவைத்துக் கொடுக்கும் கொள்ளோ நம் இரு மாவட்டங்களின் மானாவாரி நிலங்களில் விளைவதே. தீவனத்தைத் தொலைவிலிருந்து வரவழைக்க வேண்டியதில்லை என்பதும் இங்கே கட்டணம் கட்டுக்குள் இருப்பதற்கு ஒரு காரணம் என்று பண்ணைக்காரர் சொன்னார்.

இனி செலவுக் கணக்கு. எங்கள் வீட்டில் நானும் கணவரும் மாமியாரும், பதினொரு வயது மகளும் ஏழு வயது மகனுமாக ஐந்து பேர். வார நாள்களில் ஓட்டு வீடு ஒன்றுக்கு ஓர் இரவுக்கு 2,800 ரூபாய்; சனி, ஞாயிறுகளில் 4,200 ரூபாய். இது வீட்டுக்கான வாடகை, தலைக்கு இவ்வளவு என்ற கணக்கு கிடையாது. மூன்று வேளை உணவுக்குப் பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 450 ரூபாயும் பிள்ளைகளுக்கு அதில் பாதியும் வாங்குகிறார்கள். சவாரிக் கட்டணம் தனி. ஏறுபவர்கள் மட்டும் கொடுத்தால் போதும். பயிற்சிக்களத்தில் அரைமணி நேரம் 400 ரூபாய். பிள்ளைகளுக்கு மூன்று பாடங்களைச் சேர்த்து எடுத்தால் 1,000 ரூபாய். மாந்தோப்பைச் சுற்றி ஒருமணி நேரச் சவாரி 700 ரூபாய். இரண்டு இரவுகளுக்கு வாடகை 5,600, உணவு 3,600, பிள்ளைகளின் பாடங்கள் 2,000, நான் சென்ற தோப்புச் சவாரி 700 என மொத்தம் 11,900 ரூபாய் ஆயிற்று. தருமபுரியிலிருந்து காரில் சென்று திரும்பிய பெட்ரோல் செலவையும் சேர்த்தால் 13,200 ரூபாய்க்குள் முடிந்தது.

இதே காலத்திற்கு வேறொரு விடுதியில் விசாரித்தபோது, பெரியவர்களுக்குத் தலைக்கு ஓர் இரவு 6,500 ரூபாயும் பிள்ளைகளுக்கு அதில் பாதியும் சொன்னார்கள். எங்கள் ஐவருக்கும் ஓர் இரவுக்கே 26,000 ரூபாய்! அதில் குதிரைச் சவாரி ஒரு சுற்று மட்டுமே அடங்கும். முழங்கால் வலியோடு இருக்கும் என் மாமியார் ஒருநாளும் குதிரையில் ஏறப்போவதில்லை, நீச்சல்குளத்திலும் இறங்கப்போவதில்லை. அவருக்காகவும் அதே முழுக் கட்டணத்தைக் கொடுப்பதில் நியாயம் எனக்குப் புலப்படவில்லை. தலைக்கணக்கு வசூல் எல்லா இடத்திலும் தவறு என்று நான் சொல்ல வரவில்லை. மேற்கு அமெரிக்காவில் 1926-லேயே சங்கம் அமைத்துக்கொண்ட டியூட் ரேஞ்ச் எனப்படும் விருந்தினர் பண்ணைகளில், அறை, உணவு, அன்றாடச் சவாரி அனைத்தையும் சேர்த்து ஒரு வாரத்திற்கு ஒரே தொகையாக வாங்குவது பெருவழக்கம். நாள்தோறும் பல மணி நேரம் குதிரை மீதே இருப்பவர்களுக்கு அம்முறை லாபமானது. ஓரிரு இரவுகள் தங்கி, வீட்டில் பாதிப்பேர் மட்டும் ஏறக்கூடிய நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு வீட்டு வாடகை தனி, சவாரி தனி என்ற முறைதான் கட்டுப்படியாகும். ஆகவே முன்பதிவுக்கு அழைக்கும்போது அறை வாடகையைக் கேட்பதற்கு முன்பே, சவாரியை எப்படிக் கணக்கிடுகிறீர்கள் என்று கேளுங்கள். சுற்றுக்கு இவ்வளவு என்றால், அந்தச் சுற்று எத்தனை நிமிடம் என்பதையும் கேட்க வேண்டும். சுற்றுலாத் தலங்களில் நூறு, இருநூறு கொடுத்து ஏறும் சுற்று, படம் எடுத்து முடிப்பதற்குள் நிறைவடைந்துவிடும். பிள்ளைகள் இன்னொன்று, இன்னொன்று என்று கேட்கக் கேட்கச் செலவு ஏறும். அரைமணி நேரப் பாடத்திற்குக் கொடுப்பதைவிட அது அதிகமாகிவிடும், கற்றுக்கொண்டதோ எதுவும் இராது.

எப்போது செல்வது என்பதும் செலவைத் தீர்மானிக்கிறது. ஓசூர்ப் பக்கத்துப் பண்ணை வீடுகளுக்கெல்லாம் பெங்களூருக்காரர்களே முதன்மையான வாடிக்கையாளர்கள் என்பதால் வெள்ளி மாலை முதல் ஞாயிறு மாலை வரை வாடகை ஏறிவிடும். திங்கள் முதல் வியாழன் வரை செல்ல முடிந்தால் எங்கள் கணக்கில் ஓர் இரவுக்கே 1,400 ரூபாய் மிச்சம். தமிழ்நாட்டில் விடுமுறையாகவும் கர்நாடகத்தில் வேலை நாளாகவும் இருக்கும் நாள்களைத் தேர்வது இன்னும் நல்லது. பொங்கலை அடுத்த மாட்டுப் பொங்கல், உழவர் திருநாள் ஆகியவை வார நாள்களில் வந்தால் அவை அத்தகைய நாள்களே; ஆனால் அக்காலத்தில் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் பல ஊர்களில் எருது விடும் விழா நடப்பதால், பயண நேரத்தைக் கூடுதலாக வைத்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலோர் நினைத்துப் பார்க்காத மற்றொன்று யானை. கேழ்வரகு கதிர் முற்றும் அக்டோபர், நவம்பர் தொடங்கி, பன்னேர்கட்டா காடுகளிலிருந்து யானைக் கூட்டங்கள் தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டைப் பகுதிகளுக்கு வருவது ஆண்டுதோறும் நிகழ்வது. அந்த மாதங்களில் இந்தப் பண்ணையில் விடிந்து வெயில் ஏறும் வரையிலும் மாலை ஐந்து மணிக்குப் பிறகும் தோப்புச் சவாரி கிடையாது. வனத்துறை எச்சரிக்கை வந்தால் முழுவதுமாக நிறுத்திவிடுகிறார்கள். எவ்வளவு பணம் கொடுத்தாலும் இந்த விதியைத் தளர்த்தாத பண்ணைக்கே பிள்ளைகளை அழைத்துச் செல்ல வேண்டும். என் கணிப்பில் பிப்ரவரி மாதமும், மாம்பழம் பழுக்கும் ஜூன் மாதத்தின் முற்பகுதியும் இங்கே வருவதற்கு மிக ஏற்றவை.

காரில் வருபவர்கள் தருமபுரியிலிருந்து பாலக்கோடு, இராயக்கோட்டை, கெலமங்கலம் வழியாக வருவது கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையின் நெரிசலைத் தவிர்க்க உதவும். கிருஷ்ணகிரி நகரில் ரயில் நிலையம் இல்லை. ஆனால் தருமபுரியிலிருந்து ஓசூருக்கு ரயில் உண்டு. ஓசூரிலிருந்து தேன்கனிக்கோட்டைக்குப் பேருந்துகள் அடிக்கடி செல்கின்றன. முன்கூட்டியே சொல்லிவைத்தால் அங்கிருந்து பண்ணைக்கு வர ஆட்டோ ஒன்றை ஏற்பாடு செய்து தருகிறார்கள்.

பண்ணைக்குள் நுழைந்ததும் எங்களை அழைத்துச் சென்ற முதல் இடம் லாயம். வாசலில் ஒரு கரும்பலகை மாட்டியிருக்கிறது. அதில் ஆறு குதிரைகளின் பெயர்களும் வரிசையாக எழுதப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே சுண்ணக்கட்டியால் கோடுகள் போடப்பட்டிருந்தன. ஒரு கோடு அரைமணி நேரச் சவாரியைக் குறிக்கும். காலையில் மூன்று, மாலையில் இரண்டு. ஐந்து கோடுகள் நிறைந்த குதிரை அன்றைக்கு மீண்டும் சேணம் ஏற்காது. காலை ஆறரை முதல் ஒன்பதரை வரையிலும் மாலை நாலரை முதல் ஆறே கால் வரையிலும் மட்டுமே சவாரி. வண்டியிழுக்கும், பாரம் சுமக்கும் விலங்குகளுக்கான 1965-ஆம் ஆண்டு மத்திய அரசு விதிகளின்படி, ஒரு நாளில் ஒன்பது மணி நேரத்திற்கு மேல் வேலை வாங்கக் கூடாது. வெப்பம் 37 டிகிரி செல்சியஸைத் தாண்டும் இடங்களில் நண்பகல் 12 முதல் 3 மணி வரை வேலை வாங்கவே கூடாது. அந்த ஒன்பது மணி நேர உச்சவரம்போடு ஒப்பிட்டால், இங்கே ஒரு குதிரை ஒரு நாளில் இரண்டரை மணி நேரமே ஆள் சுமக்கிறது. நாங்கள் இருந்தபோதே, மாலையில் காரில் வந்திறங்கிய ஒரு குடும்பத்தினர் இரட்டிப்புக் கட்டணம் தருவதாகச் சொல்லி ஒரு சுற்றாவது கேட்டார்கள். பண்ணையின் குதிரைக்காரர் கரும்பலகையைக் காட்டி, நாளைக் காலை வாருங்கள் என்று பணிவாகச் சொல்லி அனுப்பிவிட்டார். எந்தப் பண்ணையைத் தேர்ந்தெடுப்பது என்று தடுமாறுபவர்களுக்கு இத்தகைய ஒரு மறுப்பைவிட நல்ல சான்று வேறு இருக்க முடியாது என்றே நினைக்கிறேன்.

கரும்பலகைக்குப் பக்கத்தில் ஓர் எடைமேடை இருக்கிறது. இராயக்கோட்டை மண்டியில் தக்காளிப் பெட்டிகளை நிறுக்கப் பயன்படும் அதே வகை. சவாரிக்கு முன் ஒவ்வொருவரும் அதன் மீது ஏற வேண்டும். ஏறுபவரின் எடையும் சேணத்தின் எடையும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது என்பது குதிரை வளர்ப்போர் பொதுவாகக் கைக்கொள்ளும் அளவு. இங்குள்ள பெரிய குதிரை நானூறு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஆகவே சேணத்தோடு சேர்த்து எண்பது கிலோவை எட்டவே விடமாட்டார்கள். என் கணவரின் எடை அதற்கும் மேல் என்பதால் அவருக்குச் சவாரி மறுக்கப்பட்டது. அவருக்கு மனவருத்தம் இருக்கவே செய்தது. ஆயினும் கட்டணம் வாங்காமலேயே குதிரைகளுக்குக் கொள்ளு வைக்கவும், உடலைத் தேய்த்துவிடவும், மகன் அமர்ந்த குதிரையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தோப்பின் ஓரம் வரை நடக்கவும் அனுமதித்தார்கள். எடை வரம்பு என்ன என்று தொலைபேசியிலேயே கேட்டுவிடுங்கள். அப்படி எதுவும் கிடையாது, யார் வேண்டுமானாலும் ஏறலாம் என்று பதில் வருமானால் அந்த இடத்தைத் தவிர்ப்பதே நல்லது.

குதிரைகளின் உடல்நிலையை நம்மைப் போன்றவர்களாலும் ஓரளவு பார்த்துத் தெரிந்துகொள்ள முடியும். சேணத்தை இறக்கியபின் பிடரி முடியும் இடத்தில் உள்ள மேட்டிலும், முதுகின் இருபுறத்திலும், வார் கட்டும் அடிவயிற்றுப் பகுதியிலும் புண்ணோ, மயிர் உதிர்ந்த வடுவோ இருக்கிறதா என்று பாருங்கள். வாயின் இரு ஓரங்களிலும் காயம் இருக்கலாகாது. விலா எலும்புகள் கையால் தடவினால் தட்டுப்படலாம், தொலைவிலிருந்தே எண்ணும்படித் துருத்திக்கொண்டு நிற்கக் கூடாது. கெம்பி என்னும் செம்பழுப்பு நிறப் பெண் குதிரையின் காது நுனிகள் உள்நோக்கி வளைந்து ஒன்றையொன்று தொடுவதுபோல் இருப்பதைக் கண்ட என் மகள் அதைக் குறித்துக் கேட்டாள். கத்தியவாரி இனத்துக் குதிரைகளின் அடையாளம் அது என்று விளக்கம் கிடைத்தது. அந்தக் குதிரைக்காரர் எங்களோடு தமிழிலும் குதிரைகளோடு கன்னடத்திலும் பேசுகிறார். குதிரைகளும் கன்னடத்துக்கே காது கொடுக்கின்றன.

பாடம் நடத்தும் முறைதான் இந்தப் பண்ணையில் எனக்கு மிகவும் பிடித்தது. முதல் நாள் பிள்ளைகளை நேரே குதிரை மீது ஏற்றிவிடவில்லை. லாயத்தைக் கூட்டி, தண்ணீர் வைத்து, இடப்பக்கமாகக் குதிரையை அணுகி, கழுத்தைத் தடவி, அதன் பின்னால் நடக்காமல் இருக்கப் பழக்கினார்கள். பிறகு குதிரைக்காரர் ஒரு கடிவாளத்தை எடுத்து, அதன் இரும்புத் துண்டை என் மகளின் முன்கையின் மேல் குறுக்காக வைத்து, வாரை மெல்ல இழுத்துக் காட்டினார். அடுத்து வேகமாக வெட்டி இழுத்தார். அவள் கையைச் சட்டென்று பின்வாங்கினாள். “பாத்தியா பாப்பா, மெல்லக் கேட்டாலே அதுக்குப் புரியும். வாரைப் புடிச்சுத் தொங்காதே, வாயில இரும்பு கெடக்கு, வலிக்கும்” என்றார். “சரிங்கண்ணா” என்று சொன்னவள், அதற்குப் பிறகு மூன்று பாடங்களிலும் ஒருமுறைகூட வாரை வெட்டி இழுக்கவில்லை. குதிரையை நிறுத்துவதற்கு முதலில் தன் உடலை நிமிர்த்தி மூச்சை வெளியே விடவும், அதற்கும் நிற்காவிட்டால் மட்டும் விரல்களை மூடவும் கற்றுக்கொண்டாள்.

மகனுக்குச் சிறிய மட்டக் குதிரை. அவனுடைய அங்கவடியின், அதாவது சேணத்திலிருந்து தொங்கும் கால்வளையத்தின், நீளத்தைச் சரிசெய்ய, அவன் கையை நீட்டச் சொல்லி, விரல் நுனி சேணத்தில் படும்படி வைத்து, அங்கவடியின் அடிப்பகுதி அக்குள் வரை வருகிறதா என்று பார்த்தார்கள். பாதத்தின் முன்பகுதி மட்டும் அங்கவடியில் பதிய வேண்டும், குதிகால் சற்றுத் தாழ்ந்திருக்க வேண்டும் என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். முதல் இரண்டு பாடங்களும் வெறும் நடைதான். மூன்றாவது பாடத்தின் கடைசிப் பத்து நிமிடங்களில் மகளுக்கு மட்டும் சிறு ஓட்டம், அதாவது ட்ராட், கற்றுக்கொடுத்தார்கள். முதல் வருகையிலேயே குதிரையைப் பாய்ந்தோட விட வேண்டும் என்ற ஆவலோடு வருபவர்களுக்கு இந்த நிதானம் ஏமாற்றம் தரலாம். ஒரு தாயாக எனக்கு இதுவே நிம்மதியைத் தந்தது. ஒருமணி நேரத் தோப்புச் சவாரியில் நான் சென்றபோதும் ஒருவர் முன்னால் குதிரையிலும் மற்றொருவர் பின்னால் நடந்தும் வந்தார்கள்; நிலம் சமமாக இருந்த ஓரிடத்தில் மட்டும், நான் விரும்பிக் கேட்ட பிறகு, சிறிது தூரம் ஓட்டினார்கள்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை ஒரு பெரிய குறை உண்டு, அதைச் சொல்லாமல் விட மனமில்லை. பிள்ளைகளுக்கான தலைக்கவசங்கள் இரண்டே இருக்கின்றன. அவற்றுள் ஒன்றின் தாடைப்பட்டைக் கொக்கி விரிசல் விட்டிருந்தது. நான் சுட்டிக்காட்டியதும் அதை ஒதுக்கிவிட்டு, ஒரே கவசத்தைக் கொண்டு பிள்ளைகளை மாற்றி மாற்றி ஏற்றினார்கள். அதனால் பாட நேரம் இழுத்துக்கொண்டு போயிற்று. நான் சொல்லும் வரை அந்தக் கவசம் கொக்கியில் மற்றவற்றோடு தொங்கிக்கொண்டிருந்தது என்பதே என் மனக்குறை. கரும்பலகையும் எடைமேடையும் வைத்து இவ்வளவு ஒழுங்காக நடத்துபவர்கள் இதில் கவனக்குறைவாக இருக்கலாகாது என்று நேரிலேயே சொன்னேன். புதியவை வாங்குவதாக ஏற்றுக்கொண்டார்கள். நீங்கள் செல்லும் எந்தப் பண்ணையிலும், பிள்ளையின் தலைக்குப் பொருந்தும் குதிரையேற்றக் கவசம் இருக்கிறதா என்று கேட்டு, பட்டையை நீங்களே ஒருமுறை பூட்டித் திறந்து பாருங்கள். இருசக்கர வாகனக் கவசம் சிறு பிள்ளையின் கழுத்துக்குப் பாரமாக இருக்கும். காலணிக்கெனத் தனியாகச் செலவழிக்க வேண்டியதில்லை. பள்ளிக்கு அணியும், சிறு குதிகால் உள்ள மூடிய ஷூ போதும். செருப்பும், அடி தட்டையான கான்வாஸும் அங்கவடிக்குள் நழுவி மாட்டிக்கொள்ளும் என்பதால் ஆகா. தடித்த பருத்திக் கால்சட்டை இருந்தால் தொடை உராயாது.

குதிரைச் சாணம் கிடக்கும் மண்ணில் டெட்டனஸ் கிருமி இருக்கும் என்பதால், பிள்ளைகளின் ஐந்து, பத்து, பதினாறு வயதுத் தடுப்பூசிகள் விடுபடாமல் போடப்பட்டுள்ளனவா என்று புறப்படுவதற்கு முன்பே தடுப்பூசி அட்டையில் பார்த்துக்கொள்ளுங்கள். குதிரைகளிடமிருந்து மனிதருக்கும் தொற்றக்கூடிய கிளாண்டர்ஸ் என்னும் நோய் இருக்கிறது. அதற்கான இரத்தப் பரிசோதனைச் சான்றிதழைக் கேட்டுப் பார்ப்பது நல்லது. இந்தப் பண்ணையில் நான் கேட்டதும், நெகிழி உறையில் பத்திரமாக வைத்திருந்த கால்நடை மருத்துவரின் சான்றுகளை ஆறு குதிரைகளுக்கும் தனித்தனியாக எடுத்துக் காட்டினார்கள். அவசரத்திற்குத் தேன்கனிக்கோட்டை அரசு மருத்துவமனை பக்கத்தில் உள்ளது. பெரிய சிகிச்சைக்கு ஓசூருக்குத்தான் செல்ல வேண்டும். பண்ணையில் கைப்பேசிச் சமிக்ஞை சில நிறுவனங்களுக்கு மட்டுமே கிடைப்பதால் இதையும் மனத்தில் கொள்ள வேண்டும்.

தங்கும் வீடு தூய்மையாக இருக்கிறது. அழகு என்று சொல்ல ஒன்றுமில்லை. விறகு அடுப்பில் காயும் வெந்நீர் காலை எட்டு மணியோடு தீர்ந்துவிடும். கழிப்பறை வீட்டுக்கு வெளியே, சில அடிகள் தள்ளி, கீழே அமரும் வகையில் அமைந்திருக்கிறது. மாமியாருக்காக ஒரு நாற்காலி இருக்கை தந்தார்கள் என்றாலும், இரவில் எழுந்து வெளியே செல்வது அவருக்குச் சிரமமாகவே இருந்தது. வயதானவர்களை அழைத்துச் செல்வோர் இதை நன்கு யோசிக்க வேண்டும். மழை பெய்தால் கடைசி மண்பாதையில் சிறிய கார்கள் சிக்கிக்கொள்ள வாய்ப்பிருக்கிறது.

உணவில் குறை சொல்ல இடமில்லை. காலையில் இட்லியோ கேழ்வரகு அடையோ, மதியம் களியும் கீரைக் கடைசலும் அல்லது சோறும் கொள்ளு ரசமும், இரவில் எளிய பலகாரம். கேட்டால் நாட்டுக்கோழிக் குழம்பு வைத்துத் தருகிறார்கள். அதற்குத் தனிக் கட்டணம்.

சவாரி இல்லாத நடுப்பகலில் என்ன செய்வது என்ற கவலையும் வேண்டாம். தேன்கனிக்கோட்டையில் பேட்டராய சுவாமி கோயில் இருக்கிறது. மாமியாருக்கு இந்தப் பயணத்திலேயே மிகுந்த நிறைவைத் தந்தது அந்தத் தரிசனம்தான். ஓசூர் வழியாகத் திரும்புபவர்கள், 1878-இல் இராஜாஜி பிறந்த தொரப்பள்ளி வீட்டைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். இராயக்கோட்டை வழியே செல்பவர்கள், மூன்றாம் மைசூர்ப் போரின்போது 1791-இல் கம்பெனிப் படை கைப்பற்றிய மலைக்கோட்டையில் ஏறலாம். வெயிலுக்கு முன்பே ஏறிவிட வேண்டும். ஒகேனக்கலையும் இதே பயணத்தில் சேர்க்க வேண்டும் என்று பலர் நினைப்பார்கள். அஞ்செட்டி வழியாகக் காட்டுச்சாலையில் செல்ல வேண்டியிருப்பதாலும், பரிசல் கட்டணம், உணவு என்று செலவு கூடுவதாலும், அதைத் தனியொரு நாளுக்கு ஒதுக்குவதே மேல்.

முன்பதிவுக்கு 1,000 ரூபாயை ஜிபே வழியாக முன்பணமாக வாங்குகிறார்கள்; மீதியைப் புறப்படும்போது கொடுக்கலாம். மழையாலோ யானை நடமாட்டத்தாலோ சவாரி ரத்தானால் சவாரிக் கட்டணத்தை வாங்குவதில்லை, ஆனால் வீட்டு வாடகை குறையாது. இந்த நிபந்தனையை அவர்கள் வாய்மொழியாக மட்டுமே சொல்கிறார்கள் என்பதால், வாட்ஸ்அப்பில் ஒருமுறை எழுதி அனுப்பி உறுதிசெய்துகொள்ளுங்கள். ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவதில்லை. அவர்களைக் கயிறு பிடித்து ஐந்து நிமிடம் உலாவ மட்டும் விடுகிறார்கள், அதற்குக் கட்டணம் கிடையாது. ஏழு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் உள்ள குடும்பங்கள், வார நாள்களில், மூன்று பாடத் தொகுப்பை எடுத்துக்கொண்டு செல்வதையே நான் பரிந்துரைப்பேன். புதிய தலைக்கவசங்கள் வந்துவிட்டனவா என்று முன்பதிவின்போதே கேளுங்கள். வரவில்லை என்றால் ஓசூரிலோ பெங்களூரிலோ ஒன்று வாங்கி எடுத்துச் செல்லுங்கள்.